ஊசலாடு: ஒரு சொல்லும் அதை ஊக்கிய கையும்

"ரீச்சர், ஊஞ்சலாடுறதும் ஊசலாடுறதும் ஒண்டோ?"

மாலை வகுப்பில் தரம் 9 படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள். வாசிப்புப் பயிற்சியில் 'அவருடைய உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது' என்று ஒரு வரி. சாகக் கிடக்கிற மனிசனுக்கு என்ன ஊஞ்சல் என்பது அவளுடைய குழப்பம். ஓம், ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இந்த இரண்டு சொல்லும் இரண்டு வேறு இடங்களில் கிடைத்தவை. ஊஞ்சல் வளவின் புளியமரத்தடியில் கிடைத்தது. ஊசலாட்டம் ஆஸ்பத்திரி வாசலில் கிடைத்தது. வேர் ஒன்றாக இருந்தும் ஒரு சொல் மகிழ்ச்சிக்கும் மற்றது கலக்கத்துக்கும் எப்படிப் பிரிந்து போயின என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நேர்ப்பொருள். மேலே ஓர் இடத்தில் கட்டுண்டு கீழே விடுபட்டு நிற்கும் பொருள் அங்கும் இங்குமாகப் போய்வருவது ஊசலாடுதல். கட்டு இருக்க வேண்டும். அறுந்து விழுந்தால் அது ஊசல் இல்லை, வீழ்ச்சி. போகும் தூரத்துக்கு இரண்டு பக்கமும் எல்லை இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: ஊசல் தன் நடு இடத்தைக் கடந்துகொண்டே இருக்கும், ஆனால் அங்கே தரிக்காது. இந்தக் கடைசி இயல்புதான் பிற்பாடு மனத்துக்கும் உயிருக்கும் இந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சொல்லைப் பிரித்தால் ஊசல் + ஆடு. ஊசல் என்பது ஊஞ்சலின் பழைய வடிவம். சங்கப் பாட்டிலும் சிலப்பதிகாரத்திலும் திருவாசகத்திலும் நான் கீழே எடுத்துக்காட்டும் இடமெல்லாம் ஊசல்தான் வருகிறது. 'ஞ்' என்ற மெய் இடையில் வந்து சேர்ந்த ஊஞ்சல்தான் இன்று எங்கள் வாயில் நிலைத்த சொல்.

ஆடு என்ற வினை தமிழில் மிகப் பெரிய குடும்பத்துக்குத் தலைச்சன். கூத்தும் ஆட்டம், விளையாட்டும் ஆட்டம், காற்றில் கிளை அசைவதும் ஆட்டம். தண்ணீரில் அளைந்து முழுகினால் நீராடல். இன்னொரு வேலையும் அது செய்கிறது. வேறு சொல்லோடு சேரும்போது, ஒருமுறை நடந்து முடிகிற செயலைத் திரும்பத் திரும்ப நடக்கிற செயலாக மாற்றிவிடுகிறது. உரைத்தல் ஒருவர் செய்வது. உரையாடல் என்றால் பேச்சு இங்கிருந்து அங்கே போய் அங்கிருந்து இங்கே வரவேண்டும். வாதாடு, போராடு, தள்ளாடு, நடமாடு எல்லாவற்றிலும் இந்தப் போக்குவரத்து இருக்கிறது. ஆகவே ஊசலாடு என்ற சொல்லில் அசைவு இரண்டு முறை வருகிறது. ஊசல் என்ற பெயருக்குள் ஒன்று, ஆடு என்ற வினைக்குள் ஒன்று.

ஆனால் ஊசல் என்ற அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு வினை இருந்திருக்க வேண்டுமே? இருந்தது. அதைத் தேடிப் போகும்போதுதான் எனக்கு இந்தச் சொல்மேல் தனிப்பிரியம் வந்தது.

நற்றிணை 90ஆம் பாட்டு அஞ்சில் அஞ்சியார் பாடியது. ஊரிலே விழா. கஞ்சி போட்டுத் தோய்த்த ஆடை உடுத்து, மாலை அசைய ஓடி வருகிறாள் ஒரு பெண். பனைநாரில் திரித்த பெரிய கயிறு தொங்குகிறது. தோழியர் அவளை ஏற்றி ஆட்டுகிறார்கள். அவள் ஆடவில்லை, அழுதுகொண்டு போய்விடுகிறாள். இதைப் பாட்டு மூன்றே சொல்லில் சொல்கிறது: 'ஆயம் ஊக்க ஊங்காள்'. ஆயம் என்றால் தோழியர் கூட்டம். அவர்கள் ஊக்குகிறார்கள், அவள் ஊங்கவில்லை.

ஊங்கு என்றால் தான் ஆடு. ஊக்கு என்றால் இன்னொருவரை ஆட்டு. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சோடி புதிதல்ல. நீங்கு – நீக்கு, அடங்கு – அடக்கு, முடங்கு – முடக்கு என்று மெல்லின 'ங்' தன்வினைக்கும் வல்லின 'க்' பிறவினைக்கும் போகும். தானே நடப்பதற்கு மெல்லிய ஒலி, பிறர் செய்விப்பதற்கு வலிய ஒலி. ஊங்கு – ஊக்கு அதே அச்சில் வார்த்தது. ஊசல், ஊஞ்சல் இரண்டையும் சொற்பிறப்புப் பார்ப்பவர்கள் இந்த வினைகளின் குடும்பத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

பனைநார்க் கயிறு என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். இன்று வன்னியில் ஊஞ்சல் கட்டுவது தும்புக் கயிற்றில், அல்லது மீன்பிடிக்கு வாங்கிய நைலோன் கயிற்றில். பனை மட்டும் எங்கள் வளவுகளில் அப்படியே நிற்கிறது. அதன் நார்தான் இந்த மொழியில் எங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய ஊஞ்சல்களில் ஒன்றைத் தாங்கியிருக்கிறது.

இன்னொரு ஊசலை அகநானூறு 20ஆம் பாட்டில் உலோச்சனார் கட்டியிருக்கிறார். அது கடற்கரை. தந்தை பிடித்துக்கொண்டு வந்த கொழுத்த மீனைக் காயப் போட்டுவிட்டு, அதில் விழும் பறவைகளைப் பெண்பிள்ளைகள் கலைக்கிறார்கள். மணல் மேட்டுப் புன்னை நிழலில் இளைப்பாறுகிறார்கள். சிவந்த நண்டின் வளையைக் கிண்டுகிறார்கள். பிறகு ஞாழல் மரத்தின் உயர்ந்த கிளையில் தாழை விழுதைக் கயிறாகக் கட்டி 'ஊசல் தூங்கி' விளையாடுகிறார்கள். முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயப்போடும் வாடி ஒன்றில் ஒருநாள் இருந்து பார்த்தவருக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது. காகம் கலைக்க நிற்பது இன்றைக்கும் வீட்டின் சின்னப்பிள்ளைகள்தான்.

மூன்றாவது ஊசல் கலித்தொகை 37இல், கபிலருடைய குறிஞ்சிக்கலியில். தினைப்புனத்தில் கிளி கலைக்க வந்தவள் பக்கத்தில் ஊசல் கட்டி ஆடுகிறாள். அந்த வழியே வந்தவனைப் பார்த்து 'ஐய, சிறிது என்னை ஊக்கி' என்கிறாள். அவன் நல்லது என்று ஊக்குகிறான். அவள் கை நழுவியவள் போலப் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். காதல் பாட்டாகவே இதை எல்லோரும் படிக்கிறோம். நான் அந்த வேண்டுகோளில் நிற்கிறேன். "அக்கா, ஒருக்கா ஆட்டி விடுங்கோ" என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதும் 'ஐய, சிறிது என்னை ஊக்கி' என்பதும் ஒரே வசனம். வினைச்சொல் மட்டும் மாறியிருக்கிறது.

மாறியதில் ஒரு பெரிய நட்டமும் இருக்கிறது. ஊங்கு முழுக்கப் போய்விட்டது. வன்னியிலும் இல்லை, வேறெங்கும் எழுத்திலும் இல்லை. ஊக்கு தப்பிவிட்டது, ஆனால் ஊஞ்சலடியை விட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. ஊக்கம், ஊக்குவி, ஊக்குவிப்பு, ஊக்கத்தொகை என்று பாடசாலையிலும் கந்தோரிலும் அது உலாவுகிறது. திருக்குறளில் 60ஆம் அதிகாரமே ஊக்கமுடைமை. ஊஞ்சலைத் தள்ளும் ஊக்கும் மனத்தைத் தள்ளும் ஊக்கும் வடிவத்தில் ஒரே சொல், பொருளிலும் ஒட்டித்தான் நிற்கின்றன. ஊக்குவது என்றால் முதுகில் கை வைப்பது. தூக்கிக்கொண்டு போவதல்ல, இழுத்துக்கொண்டு போவதுமல்ல. ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், அவர் திரும்பி வரும்போது இன்னொரு தள்ளு. பிள்ளையை ஊக்குவிப்பது பற்றி ஆசிரியர் பயிற்சியில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த விளக்கம்தான் ஒட்டியது.

உலோச்சனார் 'ஊசல் தூங்கி' என்றாரே, அந்தத் தூங்குவையும் பார்த்துவிட வேண்டும். அங்கே யாரும் நித்திரை கொள்ளவில்லை. தூங்குதல் என்றால் தொங்கி அசைதல். தூங்கெயில் என்று வானத்தில் தொங்கிய கோட்டையைச் சொன்னார்கள். அதை அழித்த சோழனுக்குத் தூங்கெயில் எறிந்தவன் என்று பேர். அசைந்து அசைந்து மெல்லப் போவதும் தூங்குதல் ஆயிற்று, மெல்லப் போவது பிந்திச் செய்வதும் ஆயிற்று. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்று குறள் 672 சொல்வது ஆறுதலாகச் செய்யவேண்டியதை ஆறுதலாகச் செய் என்றுதான். தளர்ச்சியும் மந்தமும் கூடக்கூடத் தமிழகத்தில் அது நித்திரைக்குப் பேராகிவிட்டது.

இங்கே அப்படி ஆகவில்லை. ஈழத்தில் நாங்கள் நித்திரை கொள்ளுகிறோம், படுக்கிறோம். தூங்குவது வௌவால். தூங்குவது புடலங்காய். சில வீடுகளில் அந்தச் சொல்லைச் சொல்லவே கூசுவார்கள், கழுத்தில் கயிறு போட்டு இறப்பதையும் அதே சொல்லால் சொல்லுவதால். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் "நான் போய்த் தூங்கப்போறேன்" என்று சொன்னதும் அம்மம்மா பதறி எழும்பியது எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டு பேரும் சரியான தமிழ்தான் பேசினார்கள். அம்மம்மா வைத்திருந்தது சங்கப் பாட்டின் பொருள்.

குளக்கட்டுப் பக்கம் போனால் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்க்கலாம். பனையோலை நுனியிலோ தண்ணீர்மேல் சாய்ந்த கிளையிலோ நாரால் பின்னிய கூடு தொங்கும். சோளகக் காற்றுக்கு அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் அந்தப் பேர் வந்த காரணம் விளங்கும். தூங்கு – தூக்கு, ஊங்கு – ஊக்கு என்று இரண்டு சோடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை.

அயலில் இருக்கும் மொழிகளில் இந்தக் குடும்பம் இன்னும் சுகமாக இருக்கிறது. மலையாளத்தில் ஊஞ்ஞால், ஓணத்துக்குக் கட்டுவார்கள். கன்னடத்தில் உய்யாலெ, தெலுங்கில் உய்யால. தெலுங்கில் ஊகு என்றால் ஆடு என்று இன்றும் பொருள். நாங்கள் தொலைத்த ஊங்கு அங்கே நாள்தோறும் பேசப்படுகிறது. வவுனியாவுக்குத் தெற்கே போனால் சிங்கள ஊர்களில் சித்திரைப் புத்தாண்டுக்குப் பெரிய மரங்களில் கட்டும் ஊஞ்சலை ஒஞ்சில்லாவ என்பார்கள். தமிழ் ஊஞ்சல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. ஒரே கிழமையில், ஒரே வருடப்பிறப்புக்கு, அந்த ஊரிலும் இந்த ஊரிலும் கயிறு கட்டுகிறார்கள். விளையாட்டுச் சாமானோடு பேரும் சேர்ந்து போயிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கோயிலுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை, பந்து, ஊசல், உலக்கைப் பாட்டு என்று பெண்கள் விளையாடிப் பாடும் பாட்டுகள் வருகின்றன. அதில் ஊசல் வரி ஒவ்வொன்றும் 'ஆடாமோ ஊசல்' என்று முடியும். அங்கேயும் ஊசல்மேல் ஒருத்தியை இருத்திப் பக்கத்தில் நிற்பவர் கைநிமிர்த்தி 'ஊக்க' வேண்டும் என்று இருக்கிறது. கணவனை இழந்து, மதுரையை எரித்து, தெய்வமாகிப்போன கண்ணகிக்குக் கோயில் எடுத்த பிறகு அந்தப் பெண்கள் ஊஞ்சலாடிப் பாடுகிறார்கள். அந்தக் கண்ணகிக்கு வன்னியில் வற்றாப்பளையில் கோயில் இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் தங்கிய பத்தாவது பளை என்பதால் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை என்று ஊரில் கதை சொல்வார்கள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரியும். கண்ணகியின் கோபத்தைத் தணிக்கத்தான் குளிர்த்தி, பொங்கல் எல்லாம். ஊசல் வரியையும் அந்த வரிசையில் வைத்து நான் வாசிக்கிறேன். பிள்ளையின் அழுகைக்கு ஏணையை ஆட்டுவதுபோல.

மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் என்று 9 பாட்டுப் பாடியிருக்கிறார். உத்தரகோசமங்கைச் சிவனைப் பாடி 'பொன்னூசல் ஆடாமோ' என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைப்பது. பவளக் கால், முத்துக் கயிறு, பொற்பலகை என்று அந்த ஊஞ்சலின் உறுப்புகளைப் பிரித்துச் சொல்வார். பெண்பாற் பிள்ளைத்தமிழிலும் கடைசிப் பருவம் ஊசல். ஈழத்தில் இந்த மரபு நூலோடு நின்றுவிடாமல் ஊருக்கு ஊர் இறங்கிவிட்டது. சின்னக் கோயில் என்றாலும் அதற்கென்று ஒரு திருவூஞ்சல் பாட்டு இருக்கும். அந்த ஊர்ப் புலவரோ ஆசிரியரோ எழுதி, கும்பாபிஷேக மலரிலோ சின்னப் புத்தகமாகவோ அச்சிட்டிருப்பார்கள். வேதத்தைத் தூணாக, பிரணவத்தைப் பலகையாகக் கற்பனை செய்வது அவற்றின் வழக்கம். திருக்கல்யாணத்திலும் பூங்காவனத்திலும் சுவாமியை ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து 'ஆடீர் ஊஞ்சல்' என்று பாடுவார்கள். பிறகு எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்று மற்றப் பாட்டுகள் போகும்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரை இல்லாத கோயில்கள் இருந்தன. மூர்த்தி பின்னப்பட்ட கோயில்களும் இருந்தன. அப்படி ஒரு கோயிலில், ஊஞ்சல் பாட்டுப் புத்தகம் ஒருவரிடமும் இல்லாமல், வயதானவர்கள் மூன்று நாலு பேர் இருந்து ஆளுக்கு ஞாபகமிருந்த அடிகளைச் சொல்லச்சொல்ல ஒரு இளந்தாரி கொப்பியில் எழுதியதை நான் பார்த்தேன். இரண்டு பாட்டு முழுமையாக வந்தது, மற்றவை அரைகுறை. அந்த வருடம் இரண்டு பாட்டோடு ஊஞ்சல் ஆட்டினார்கள்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். உயிர் எப்படி ஊசலாடும்?

ஊஞ்சல் எங்கள் பேச்சில் தங்கியபோது ஊசல் எழுத்துக்குப் போனது. எழுத்திலும் அது விளையாட்டை விட்டுவிட்டது. இன்று ஊசலாடு என்று எழுதினால் பெரும்பாலும் மனம், உயிர், முடிவு, ஆட்சி இவற்றைப் பற்றித்தான் இருக்கும். 'போவதா விடுவதா என்று மனம் ஊசலாடியது.' 'வாழ்வுக்கும் சாவுக்கும் இடையில் ஊசலாடினார்.' இரண்டு எல்லை இருக்கிறது, நடுவில் தரிப்பு இல்லை. ஆட்டுகிற கையும் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஊஞ்சல் என்றால் 'ஆட்டி விடு' என்ற பிறவினை உடனே வரும். ஊசலாடு என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பிறவினை வழக்கில் இல்லை. 'என் மனத்தை ஊசலாட்டினாள்' என்று யாராவது எழுதினால் காதுக்கு ஒட்டாது. ஊக்க ஒருவர் இருந்தவரை அது ஊஞ்சல். ஊக்க ஒருவரும் இல்லாமல் தன்பாட்டில் ஆடத் தொடங்கியபோது அது ஊசலாட்டம்.

வன்னியில் சாதாரணமாகப் பேசும்போது நாங்கள் மனத்துக்கு ஊசலாடு என்று சொல்வதில்லை. அதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறோம். ஒன்று தளம்பு. குடத்துத் தண்ணீர் தளம்புவதுபோல மனம் தளம்பும். நிறைகுடம் தளம்பாது என்ற பழமொழியும் கூடவே வரும். விலைத் தளம்பல் என்று பொருளாதாரப் பக்கத்திலும் இதே சொல்தான். மற்றது அந்தரம். வடமொழிச் சொல், வெளி, ஆகாயம் என்று பொருள். பிடிமானம் இல்லாமல் நடுவெளியில் நிற்பது. எங்களுக்கு அது பரிதவிப்பின் பேர். "மகன் இன்னும் வரேல்ல, எனக்கு ஒரே அந்தரமாக் கிடக்கு" என்று ஒரு தாய் சொன்னால் அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நடையும் ஓர் ஊசல்தான். ஆனால் ஊசலுக்காவது மேலே ஒரு கட்டு இருக்கிறது, அந்தரத்துக்கு அதுவும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்கள் தங்கள் நிலையைச் சொல்ல இந்தச் சொல்லை எடுக்கும்போது, இதைவிடச் சரியான சொல் தமிழில் இல்லை என்று நினைப்பேன்.

2009இன் முதல் மாதங்களில், மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட மணலில், தறப்பாள் கொட்டிலின் வளையில், அதாவது கூரை மரத்தில், சேலையைக் கட்டி ஏணையாக்கிப் பிள்ளையைப் போட்டு ஆட்டிக்கொண்டு இருந்தார்கள் பெண்கள். வெளியே பேச்சில் 'அவருக்கு உயிர் ஊசலாடுது' என்ற வசனம் ஓயாமல் வரும். உள்ளே ஏணை ஆடும். இரண்டும் ஒரே சொல் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, தோன்றக்கூடிய நேரமும் அல்ல. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது, அந்த ஏணையில் ஒரு கை இருந்தது.

ஏணையோடு வரும் தாலாட்டைப் பற்றியும் ஒரு வரி. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்பும் ஓசை தாலாட்டு. எங்கள் பக்கத்து ஓராட்டும் அப்படி ஆட்டோடு முடிகிற சொல்தான். கை ஏணையை ஆட்ட, நா ஓசையை ஆட்டும்.

எழுதும் பிள்ளைகளுக்குச் சில குறிப்பு. இரண்டு முனை இல்லாத இடத்தில் ஊசலாடு என்று போடாதீர்கள். 'அரிசி விலை ஊசலாடுகிறது' என்பது, அது ஏறியும் இறங்கியும் நின்றால்தான் பொருந்தும், ஏறிக்கொண்டே போனால் பொருந்தாது. வெறியில் நடப்பவர் தள்ளாடுகிறார், ஊசலாடுவதில்லை, அவருக்கு மேலே கட்டில்லை. கொடி அசைகிறது. படகு அலைகிறது. மின்கம்பத்தில் அறுந்த வயரின் ஒரு தலைப்பு மேலே மாட்டுப்பட்டு நின்றால் அது ஊசலாடலாம். சோறு ஊசிப்போச்சு என்கிற ஊசு வேறு சொல். ஒலி ஒன்றென்றாலும் இதற்கும் அதற்கும் உறவில்லை.

உயர்தர பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு ஊசல் இன்னும் நேர்ப்பொருளிலேயே கிடைக்கிறது. எளிய ஊசல் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்வதைத் தமிழகத்தில் தனி ஊசல் என்பார்கள். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட விட்டால், ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் குண்டின் பாரத்தில் தங்கியிருக்காது, நூலின் நீளத்தில்தான் தங்கியிருக்கும். 1 மீற்றர் நூலுக்கு ஏறக்குறைய 2 செக்கன். நேரம் இரட்டிக்க வேண்டுமானால் நீளம் நாலு மடங்காக வேண்டும், அதாவது 4 மீற்றர் கயிற்றுக்கு 4 செக்கன். வீச்சு அளவுக்கு மீறினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதனால்தான் புளியமரத்தின் உயர்ந்த கொப்பில் கட்டிய ஊஞ்சல் ஆறுதலாகவும், வீட்டு வளையில் கட்டியது கெதியாகவும் ஆடுகிறது. அப்பா ஏறினாலும் தங்கச்சி ஏறினாலும் கணக்கு ஒன்றுதான். கொப்பு மட்டும் ஆளைப் பார்க்கும். முருங்கையில் ஒருவரும் ஊஞ்சல் கட்டாததற்கு அதுதான் காரணம்.

ஒருவரும் தள்ளாமல் ஊஞ்சலை உயர்த்துவதற்கும் எங்களிடம் ஒரு வினை இருக்கிறது: உழக்கு. சைக்கிள் மிதிப்பதற்கும் இதே சொல். பலகையில் எழும்பி நின்று, ஊஞ்சல் முனைக்குப் போகும்போது முழங்காலை மடக்கி, நடுவைக் கடக்கும்போது நிமிர வேண்டும். ஒவ்வொரு நிமிர்விலும் உடம்பு தன் பாரத்தைத்தானே மேலே தூக்குகிறது. அந்த உழைப்புத்தான் ஆட்டத்தில் சேர்ந்து வீச்சைக் கூட்டுகிறது. நீளப் பலகை போட்ட பெரிய ஊஞ்சலில் நடுவில் சின்னவர்கள் இருக்க, இரண்டு தலைப்பிலும் இரண்டு பேர் நின்று மாறிமாறி உழக்குவார்கள். வருடப்பிறப்பன்று கயிறு முறுகும் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

அடுத்த வகுப்பில் இவ்வளவையும் சொல்லவில்லை, பாதிதான் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளையை ஊங்கு – ஊக்கு இரண்டையும் வைத்து வசனம் அமைக்கச் சொன்னேன். செத்துப்போன வினையை என்ன செய்வது என்று பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு தன் தம்பி சொல்வது என்று இப்படி எழுதினாள்: "அக்கா, ஒருக்கா ஊக்கி விடுங்கோ, பிறகு நான் உழக்கி ஊங்குவன்."